நிஜின்ஸ்கி: பாதங்களை உள்ளே திருப்பிய கலைஞன்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற அரங்கில் பாலே நடனத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நிகழ்த்துகலை வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் என்பதால் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். என் பதில் எளிமையானது. எப்படி நிற்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும், யார் முன்னால் குனிய வேண்டும் என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்காமல் எந்தப் படிநிலைச் சமூகமும் நீடித்ததில்லை. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்ட வைத்த சமூகத்திலிருந்து வருகிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விதிகள் கலைக்குள் நுழையும்போது 'அழகு' என்று பெயர் மாற்றிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட ஓர் அழகின் விதியை உள்ளே இருந்தே உடைத்த வாஸ்லாவ் நிஜின்ஸ்கியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பாலே பிறந்தது அரண்மனையில். 1653இல் பதினான்கு வயது பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, சூரியனாக வேடமிட்டு அவையில் ஆடினான். 1661இல் அவனே நடனத்துக்கு ஓர் அரச கழகத்தை நிறுவினான். கால்களின் ஐந்து அடிப்படை நிலைகள் அவன் காலத்தில்தான் வகுக்கப்பட்டன. ஐந்திலும் கால்கள் இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். முதுகு நிமிர்ந்திருக்கும். உடம்புக்கு எடையே இல்லாததுபோலத் தோன்ற வேண்டும். வயலில் குனிந்து வேலை செய்யத் தேவையில்லாத ஒரு வர்க்கத்தின் நிற்கும் முறை அது. அதுவே பின்னாளில் உலகத்துக்கெல்லாம் பொதுவான அழகு என்று கற்பிக்கப்பட்டது.

இந்தக் கலை ரஷ்யாவுக்குப் போனபோது இன்னொன்றும் நடந்தது. ஷெரமெத்தியெவ் போன்ற பெரும் பிரபுக் குடும்பங்கள் தங்கள் பண்ணையடிமைகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சொந்த நாடகக் குழுக்களை நடத்தின. ஆடியவர்கள் அடிமைகள், ஆடிய ஆட்டம் எசமானர்களின் உடல்மொழி. பண்ணையடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1861இல்தான். நிஜின்ஸ்கி பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

நிஜின்ஸ்கி கீவ் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைத்த போலந்து நாட்டு நடனக் கலைஞர்கள். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, மூன்று பிள்ளைகளைத் தாய்தான் வளர்த்தார். 1898இல் பீட்டர்ஸ்பர்க் அரச நடனப் பள்ளியில் நிஜின்ஸ்கிக்கு இடம் கிடைத்தது. அவருடைய முகச்சாயலை வைத்து 'ஜப்பான்காரன்' என்று உடன் படித்தவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் அவர் குதித்தால் காற்றில் ஒரு கணம் நின்றுவிட்டு இறங்குவதுபோல இருக்கும் என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். 1907இல் அரச அரங்கில் சேர்ந்தார். 1909இல் தியாகிலெவ் நடத்திய ரஷ்ய பாலே குழுவோடு பாரிஸ் போனபோது ஐரோப்பாவே அவரைக் கொண்டாடியது. 1911இல், வழக்கமான அரைக்கால் சட்டையை மேலே அணியாமல் இறுக்கமான காலுறையோடு மேடையேறினார் என்று சொல்லி அரச அரங்கம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஒரு துண்டுத் துணிக்காக.

அவருடைய உண்மையான விதிமீறல் அடுத்த ஆண்டில்தான் தொடங்குகிறது. 1912 மே 29 அன்று, தெபுஸ்ஸியின் இசைக்கு அவரே நடனம் அமைத்த 'காட்டுத்தேவனின் பிற்பகல்' பாரிஸில் அரங்கேறியது. உலகின் மிகச் சிறந்த குதிப்பாளர், சுமார் பத்து நிமிடம் நீளும் அந்த ஆட்டத்தில் தனக்கு வைத்துக்கொண்டது ஒரே ஒரு குதிப்பு. மற்ற நேரமெல்லாம் நடைதான். பழைய கிரேக்கச் சிற்பங்களில் வருவதுபோல உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, ஒரே கோட்டில் நகரும் நடை. கைதட்டல் வாங்கித் தந்த திறமையை அவரே ஒதுக்கி வைத்தார். ஆட்டத்தின் முடிவில் வந்த பாலியல் அசைவைக் கண்டித்து 'லெ ஃபிகாரோ' நாளேடு முதல் பக்கத்தில் எழுதியது. சிற்பி ரொதான் பெயரில் ஆதரவுக் கட்டுரை ஒன்று வேறொரு நாளேட்டில் வந்தது.

சரியாக ஓராண்டு கழித்து, 1913 மே 29 அன்று, ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையில் 'வசந்தத்தின் சடங்கு'. பழங்கால ரஷ்யக் குடிகள், மண் செழிக்க வேண்டி ஓர் இளம்பெண்ணைப் பலியிடும் கதை. இதில் நிஜின்ஸ்கி பாலேயின் அடித்தளத்திலேயே கைவைத்தார். வெளியே திரும்பியிருந்த பாதங்களை உள்ளே திருப்பினார். முழங்கால்களை மடக்கினார். மேலே எழும்ப வேண்டிய உடம்புகள் தரையை ஓங்கி மிதித்தன. நட்சத்திர நடிகரும் பின்னால் நிற்கும் கூட்டமும் என்ற பிரிவினையைத் தளர்த்தி, கூட்டத்தையே மையமாக்கினார். சிறுவயது முதல் பயின்ற அனைத்துக்கும் எதிராக ஆட வேண்டியிருந்ததால் நடனக்காரர்களே முணுமுணுத்தார்கள். சிக்கலான தாளத்தை அவர்களுக்குப் புரியவைக்க மரி ராம்பெர் என்ற இளம்பெண் உதவிக்கு வந்தார்.

அரங்கேற்ற இரவில் கூச்சலும் கேலியும் இசையையே மூழ்கடித்தன. நிஜின்ஸ்கி மேடையின் ஓரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று, ஆடுகிறவர்களுக்குத் தாள எண்ணிக்கையைக் கத்திச் சொன்னார். அவர் அமைத்த அந்த ஆட்டம் பத்து முறைகூட மேடையேறவில்லை. அதே ஆண்டு அவர் திருமணம் செய்துகொண்டதும் தியாகிலெவ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். 1919க்குப் பிறகு மனநோயால் அவர் மேடைக்குத் திரும்பவே இல்லை. 1950இல் லண்டனில் இறந்தார்.

பத்து முறைகூட ஆடப்படாத ஓர் ஆட்டம் நவீன நடனத்தை எப்படி மாற்றியது? நவீன நடனத்துக்கு வேறு ஊற்றுகளும் உண்டு. இசடோரா டங்கன் அவருக்கு முன்பே வெறுங்காலோடு ஆடியவர். ஆனால் இசடோரா பாலேயை வெளியே நின்று மறுத்தார். அந்தப் பயிற்சியின் உச்சத்தில் நின்றவரே அதை மறுத்ததுதான் நிஜின்ஸ்கியின் தாக்கம். எடை, தரை, கோணல், அசிங்கம் என்று ஒதுக்கப்பட்டவையும் நடனத்தின் மொழியாகலாம் என்பதை அவர் காட்டிவிட்டார். அவருடைய தங்கை நிஜின்ஸ்கா 1923இல் உழவர் வீட்டுத் திருமணத்தை, மணப்பெண்ணின் துயரத்தோடு, கூட்டு உடல்களின் ஆட்டமாக்கினார். உதவிக்கு வந்த ராம்பெர் பின்னாளில் இங்கிலாந்தில் தொடங்கிய குழு இன்றும் ஆடுகிறது. மேரி விக்மன் 1957இலும், மொரிஸ் பெஜார் 1959இலும், மார்த்தா கிரஹாம் 1984இலும் அதே இசைக்குத் தங்கள் வடிவங்களைப் படைத்தார்கள். 1975இல் பினா பௌஷ் மேடை முழுவதும் மண்ணைக் கொட்டி ஆடவைத்தார். பலியாகப் போகிற பெண்ணின் அச்சம் அதில் சேறும் வியர்வையுமாகத் தெரியும். அண்மையில் பதினான்கு ஆப்பிரிக்க நாடுகளின் கலைஞர்கள் அதைச் செனகல் கடற்கரை மணலில் ஆடினார்கள். நிஜின்ஸ்கியின் தொலைந்த நடனமும் நீண்ட ஆய்வுக்குப் பின் 1987இல் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டது.

தோழர்களே, இவரைக் கொண்டாடுவதோடு நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. மூன்று விஷயங்களை யோசிக்கச் சொல்வேன்.

ஒன்று, அவரைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் 'பிறவி மேதை, பிறகு பைத்தியம்' என்றே சொல்லப்படுகின்றன. அவர் 1915இல் காட்டுத்தேவன் ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவையும் தானே உருவாக்கிய குறியீட்டு முறையில் எழுதி வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதைப் படித்தறிந்து மேடையேற்றினார்கள். உடம்பால் உழைக்கிறவருக்குச் சிந்தனை கிடையாது என்ற எண்ணம்தான் இந்த உழைப்பை மறைத்தது. அந்த எண்ணத்தை நமக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டு, உள்ளே இருப்பவர் விதியை மீறினால் அது மேதைமை. வெளியே நிறுத்தப்பட்டவர் அதையே செய்தால் பயிற்சியின்மை. நிஜின்ஸ்கியே 1910இல் தோலுக்குச் சாயம் பூசிக் கீழைநாட்டு அடிமையாகவும், 1912இல் இந்தியக் கோவில் கதை ஒன்றில் நீல நிறக் கடவுளாகவும் ஆடினார். நம்முடைய நிறங்கள் அந்த மேடைக்கு வேடமாக மட்டுமே தேவைப்பட்டன. கறுப்பின மக்களின் உடம்பு பாலேவுக்குப் பொருந்தாது என்ற பேச்சு அதன் பிறகும் நீண்டகாலம் நீடித்தது. அதை உடைக்க ஆர்தர் மிட்செல் 1969இல் ஹார்லெமில் தனிக் குழுவே தொடங்க வேண்டியிருந்தது. அவர் குழுவினர் வழக்கமான இளஞ்சிவப்புக் காலுறையைக் கைவிட்டுத் தங்கள் தோல்நிறத்தில் காலுறையும் காலணியும் அணிந்தார்கள். அதுவும் ஒரு விதிமீறல்தான்.

மூன்றாவது நம் ஊருக்கே வருகிறது. 1909இல் பாரிஸில் நிஜின்ஸ்கியோடு ஆடியவர் அன்னா பாவ்லோவா. 1920களில் அவரிடமிருந்து ஊக்கம் பெற்றுப் பாலே பயின்றவர்தான் ருக்மிணி தேவி. நிஜின்ஸ்கி தன் கலைமீது பூசப்பட்டிருந்த நளினத்தைச் சுரண்டி எடுத்தார். அடையாறில் நடந்தது அதற்கு நேரெதிர். தேவதாசி மரபுப் பெண்கள் வளர்த்த சதிர், 'தூய்மை' செய்யப்பட்டுப் பார்ப்பன மேல்தட்டுக்கு உகந்த வடிவில் மேடையேறியது. சிருங்காரத்தை அகற்றத் தேவையில்லை என்று அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி கடைசிவரை வாதாடினார். இன்றும் பரதம் 'செவ்வியல்', பறையாட்டம் 'நாட்டுப்புறம்'. பறையாட்டத்திலும் அடவுகள் உண்டு, கணக்கு உண்டு, பயிற்சி உண்டு. இல்லாதது அதிகாரத்தின் முத்திரை ஒன்றுதான்.

இணையத்தில் பௌஷின் ஆட்டம் கிடைத்தால் பாருங்கள். பிறகு உங்கள் கல்லூரி விழாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். எந்த ஆட்டம் குத்துவிளக்கோடு தொடங்குகிறது, எந்த ஆட்டம் விருந்தினரை வாசலில் வரவேற்பதோடு முடிந்துவிடுகிறது என்று கவனியுங்கள். அந்த வரிசையை எழுதியது யார் என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு அதை மாற்றி எழுதுங்கள்.

ஜெய்பீம்.