வீட்டுச் சாவியை வாங்குமுன் காற்றின் கணக்கைக் கேளுங்கள்!

(தாராவியில் தமிழ் வணிகர்கள், இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெல்லைச் சீமையிலிருந்து நம் பாட்டன்மார் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து தோல் தொழில் செய்து பிழைத்தார்கள். இன்று அதே தாராவியை இடித்துக் கட்டப் போகிறோம் என்கிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு இங்கேயே வீடு. அதற்குப் பின் வந்தவர்களும் மேல்மாடிவாசிகளும் தாராவிக்கு வெளியே போக வேண்டும். வெளியே என்றால் எங்கே? 2024-ல் மராட்டிய அரசு இதற்காக ஒதுக்கிய நிலங்களில் ஒன்று தேவனார் குப்பைமேட்டின் 124 ஏக்கர். ஆட்டுச் சந்தைக்குப் போய் வருகிற நம்மவர்களுக்கு அந்த வாடையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1927 முதல் பம்பாயின் குப்பையைச் சுமக்கும் மேடு அது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது எழுந்த புகை விண்வெளியிலிருந்து எடுத்த படத்திலும் தெரிந்தது!

வீடு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கூரையில்லாதவனுக்கு வீடு பெரிய பாக்கியம். ஆனால் சரக்கைப் பார்க்காமல் பணம் கொடுக்கும் வியாபாரி உங்களில் யாராவது உண்டா?

மாகுலைப் பாருங்கள். செம்பூருக்குத் தெற்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில், திட்டங்களால் வீடிழந்தவர்களுக்கென 72 கட்டடங்கள் எழுப்பினார்கள். தான்சா தண்ணீர்க் குழாயோரத்துக் குடிசைகளை இடித்து மக்களை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தக் காற்றின் குணம் அதற்கு முன்பே தெரியாததா? கே.இ.எம். மருத்துவமனை 2013-ல் மாகுல், அம்பாபாடா கிராமங்களில் விசாரித்தபோது, 67.1 சதவீதம் பேர் மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத் திணறுவதாகச் சொன்னார்கள். 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்குள்ளோரின் உடல்நலத்துக்கு ஆபத்து என்றே தீர்ப்பில் எழுதியது. அதற்குப் பிறகும் மக்களை ஏற்றிய லாரிகள் நிற்கவில்லை! மக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள், வழக்காடினார்கள். 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், இனி யாரையும் அங்கே அனுப்பாதே, வெளியேற விரும்புவோருக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்றது. 2025-ல் மாநகராட்சி, மிஞ்சிய வீடுகளைத் தன் ஊழியர்களுக்கே 12.60 லட்சத்துக்கு விற்கப் பார்த்தது. எதிர்பார்த்த அளவுக்கு விண்ணப்பம் வரவில்லை. பம்பாயில் அந்த விலைக்கு வீடு கிடைத்தும் ஆளில்லை என்றால் காரணம் கேட்கவா வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ல் வந்த அளவுகோலில் தொழிற்பகுதிக்கு ஒரு கணக்கு, குடியிருப்புக்கு வேறு கணக்கு. மூச்சில் போகும் தூசுக்கு ஆண்டுச் சராசரியாகத் தொழிற்பகுதியில் 120 மைக்ரோகிராம், குடியிருப்பில் 60. (ஒரே கடையில் இரண்டு எடைக்கல்!) 2009-ல் இந்த வேற்றுமையை எடுத்துவிட்டார்கள். இன்று ஆலை வாசலானாலும் மலபார் ஹில்லானாலும் அந்தத் தூசுக்கு 60 தான், நுண்தூசுக்கு 40 தான். ஆகவே "அது தொழிற்பேட்டை, அப்படித்தான் இருக்கும்" என்று எந்த அதிகாரியும் உங்களிடம் சொல்ல முடியாது. அந்த 40-உம் தாராளமான அளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த வரம்பு 5.

இன்னொன்றையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். இந்த அளவுகோலில் 12 பொருட்கள் உள்ளன. குப்பைமேட்டிலிருந்து வரும் மீத்தேனும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் அந்தப் பன்னிரண்டில் இல்லை! கைபேசியில் "காற்று திருப்திகரம்" என்று வந்தாலும் அந்த வாயுக்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மேலும் அது 24 மணி நேரச் சராசரி. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை இருமியது பகல் காற்றோடு சேர்ந்து கரைந்துவிடும். பெருநாள் வியாபாரத்தையும் மழைநாள் வியாபாரத்தையும் சேர்த்துச் சராசரி காட்டுகிற கணக்கப்பிள்ளையை நீங்கள் விடுவீர்களா?

மூடப்பட்ட குப்பைமேட்டின் மேல் வீடோ பள்ளியோ மருத்துவமனையோ கூடாது, அதைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடமே கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 வழிகாட்டுதல். குப்பையை அகற்றிய பிறகுதானே கட்டப் போகிறோம் என்பது அவர்கள் பதில். நியாயமான பதில்தான். அதற்காக 2025-ல் 2,368 கோடி ரூபாய்க்கு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். அகற்ற வேண்டியது 185 லட்சம் டன்! அகற்றி முடித்ததை யார் சரிபார்ப்பது? மண்ணுக்கடியில் வாயு மிச்சமில்லை என்று யார் கையெழுத்திடுவது? இதை நாம் எழுத்தில் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனு எழுத நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்.

ஆத்திரப்பட்டுக் கோஷம் போடுவதை விட இந்த மனுவுக்குத்தான் அதிகாரிகள் அஞ்சுவார்கள். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் கூலித் தொழிலாளிக்கு இதற்கு நேரமில்லை, கடை வைத்திருக்கும் நீங்கள்தான் அவருக்காக முன்னே நிற்க வேண்டும். தகுதியில்லை என்று சீட்டு வந்தவர்கள், எந்த மொழி பேசுபவராயினும், எந்த மதத்தவராயினும், அதன் நகலைக் கொண்டு வரட்டும். வரும் ஞாயிறு அஸருக்குப் பின் நம் இளைஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மனு எழுதித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். தபால் செலவை வணிகர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.