யார் பேரில் இருக்கிறது அந்த நம்பர்?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'இணையமும் இளைய தலைமுறையும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அறிமுகத்தில் கவிஞர் என்று சொன்னார்கள். அது ராத்திரி வேலை. பகலில் வங்கியில் எழுத்தர். இன்றைக்கு அந்த எழுத்தர்தான் கூடுதலாகப் பேசுவார் என்று நினைக்கிறேன்.

இந்தத் தலைப்பில் பேச்சு எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். செல்போன் வந்து புள்ளைங்க கெட்டுப்போச்சு, படிக்கிறதில்லை, தூங்குறதில்லை, குனிஞ்ச தலை நிமிர்றதில்லை. குனிந்த தலை நிமிரக்கூடாது என்பதை நம் சனங்களுக்கும் பெண்களுக்கும் இலக்கணமாக எழுதி வைத்திருந்தவர்கள், இப்போது அதையே குற்றமாகச் சொல்வதைக் கேட்கச் சிரிப்பு வருகிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரீல்ஸ் பார்க்கிற பையன் காலையில் வகுப்பில் தூங்குகிறான் என்பது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் 'இளைய தலைமுறை' என்று பொதுவாகச் சொல்லும்போது அந்தப் பொதுவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஒரு இணையமும் சேரிக்கு ஒரு இணையமுமாகவே அது வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. நான் அதைத் தொட்டது பத்து வருசம் கழித்து, கல்லூரிக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். உள்ளே போகுமுன் நோட்டில் பெயர், முகவரி எழுத வேண்டும். எங்கள் பக்கம் தெருப் பெயரை எழுதினாலே போதும், சாதி தெரிந்துவிடும். எழுதிவிட்டு நிமிர்ந்தால் கல்லாவில் இருப்பவர் முகம் ஒரு மாதிரி மாறியிருக்கும். ஆனால் பலகைத் தடுப்புக்குள் போய் உட்கார்ந்த பிறகு அந்தத் திரை என்னிடம் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நான் வாங்கியது அந்தக் கேள்வி இல்லாத ஒரு மணி நேரத்தைத்தான்.

நீங்கள் வேறு மாதிரி வளர்ந்தவர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து மாசக்கணக்கில் டேட்டாவைச் சும்மா கொடுத்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். நூலகம் வராத காலனிக்கு, தெருவிளக்கு ஒழுங்காக எரியாத காலனிக்கு, இணையம் வந்துவிட்டது. இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

1936இல் லாகூரில் பேசுவதற்காக அம்பேத்கர் தயாரித்த உரையைப் பேசவிடாமல் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' நூல் உலகத்துக்கு வந்தது இப்படித்தான். நான் படித்த கல்லூரியில் அம்பேத்கர் நூல் தொகுதிகள் இருந்தன. பீரோவில் இருந்தன, பூட்டி இருந்தன. சாவி யாரிடம் என்று கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதே புத்தகத்தைப் பிடிஎப்பாக வைத்துக்கொண்டு, வங்கிக் கவுன்டரில் என்னிடம் ஒரு பத்திக்கு அர்த்தம் கேட்கிறான். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இருக்கட்டும்.

2016 சனவரி 17 அன்று அய்தராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்தார். அவர் எழுதி வைத்த கடிதத்தைப் பத்திரிகை ஆசிரியர்கள் கத்தரிப்பதற்கு முன்னால் மாணவர்கள் போனிலேயே முழுசாகப் படித்துவிட்டார்கள். 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்குகிற தீர்ப்பை உச்சநீதிமன்றம் தந்தபோது, ஏப்ரல் 2 பாரத் பந்த்துக்கான அழைப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும்தான் ஓடியது. பெரிய கட்சி எதுவும் முன்னின்று அழைக்கவில்லை. பஞ்சாப் அரசு முந்தின நாளே மொபைல் இணையத்தை நிறுத்தியது. வடமாநிலங்களில் பலர் உயிரிழந்தார்கள். அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தித் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கியது. போனைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்த தலைகள்தான் அன்றைக்குத் தெருவில் நின்றன.

ஆனாலும் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். விலையே பெயரில் இருந்தது. வாசகன் ஒரு பைசா கொடுத்தான், பத்திரிகை அவனுக்கும் அவருக்கும் இடையில் நின்றது. இன்றைக்கு உங்களிடம் யாரும் ஒரு பைசாகூடக் கேட்பதில்லை. நீங்கள் எதை எத்தனை விநாடி பார்த்தீர்கள், எந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தீர்கள் என்பதை எடுத்து விளம்பரக்காரனிடம் விற்றுக் காசாக்குகிறார்கள். எதைப் பார்த்தாயோ அதைப் போலவே இன்னும் கொஞ்சம் காரமாக ஒன்றை அடுத்து வைப்பதுதான் அல்காரிதம் என்கிற கணக்கு. ஆண்ட பரம்பரைப் பாட்டு ஒன்றைப் பார்த்த பதினாலு வயசுப் பையனுக்கு அடுத்து அரிவாள் வருகிறது, அதற்கடுத்து நம்மைத் திட்டுகிற வீடியோ வருகிறது. அந்தக் கணக்குக்குச் சாதி என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பையன் நகராமல் பார்க்கிறானா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஊர் இப்படித்தான் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்தது. எங்கள் கிராமத்தில் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, காலனிக்கு ஒரு குழு. ரேசன் கடை திறந்த சேதிகூட ரெண்டு குழுவிலும் தனித்தனியாகத்தான் வரும். குருபூசை, கொடை நாட்களில் ஸ்டேட்டஸைத் திறந்து பாருங்கள், யார் யாருடைய ஆள் என்று வகுப்பறையே பிரிந்து கிடக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்தது. வரவேற்கிறோம். கையில் கட்டிய கயிற்றை வாத்தியார் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். ஸ்டேட்டஸில் கட்டியிருக்கிற கயிற்றை எதைக் கொண்டு வெட்டுவது?

உடனே வருகிற பதில்: போனைப் பிடுங்கு. இங்கேதான் நான் நிற்கச் சொல்கிறேன். யாரிடமிருந்து பிடுங்குகிறார்கள் என்று பாருங்கள். 2019 சூலையில் குசராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் 12 கிராமங்களைச் சேர்ந்த தாக்கோர் சமூகப் பெரியவர்கள் கூடி, கல்யாணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்: சாதி மாறிக் கல்யாணம் செய்தால் குடும்பத்துக்கு அபராதம். அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் விளக்கினார். நூறு வருசம் கழித்து அந்தப் பெரியவர்கள் ஒரே மூச்சில் ரெண்டு தீர்மானம் போட்டு அதை உறுதிப்படுத்திவிட்டார்கள். அதே வருசம் செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் வேறொன்று சொன்னது. விடுதியில் மாலையில் போனை ஒப்படைக்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்ட மாணவி தொடுத்த வழக்கு அது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

குசராத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் வரவில்லை. நம்ம காலனியில் என்ன நடக்குது? அண்ணன் ராத்திரி பூரா போன் பார்ப்பான், தங்கச்சி போனை எடுத்தா 'யாருகிட்ட பேசுற?' என்பான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிற ஆண்கள் 57 விழுக்காடு, பெண்கள் 33 விழுக்காடு. தன் கையில் தானே பயன்படுத்துகிற போன் இருப்பது பாதிக்குச் சற்று மேற்பட்ட பெண்களிடம்தான். சாதி ஒழிப்புக் கூட்டத்துக்கு வந்துவிட்டு வீட்டில் தங்கச்சியின் போனுக்கு லாக் போடுகிற தோழர்கள் இந்த அரங்கிலும் இருப்பார்கள். முகத்தைத் திருப்ப வேண்டாம்.

ஊரடங்குக் காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1 அன்றுதான் மணி அடித்தது. 2017-18 கணக்கெடுப்பில் இணைய வசதி இருந்த கிராமத்துக் குடும்பங்கள் நூற்றுக்குப் பதினைந்து. வீட்டில் ஒரு போன் இருந்தால் அது அப்பாவோடு வேலைக்குப் போகும். வகுப்பு அந்த வேலைத்தளத்தில்தான் நடந்திருக்கும்.

இப்போது எழுத்தர் பேசுகிறார்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு என்றும், அது மாணவர் கணக்கிலேயே நேரடியாக விழும் என்றும் 2020 டிசம்பரில் முடிவு செய்தார்கள். நல்லது. ஆனால் அந்தக் காசு ஆதாரைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போய் விழும். 'சார், லிஸ்டுல பேரு இருக்கு, காசு வரல' என்று வருகிற பிள்ளைகளில் பலருக்குக் காசு வந்திருக்கும். எப்போதோ யாரோ முகாம் போட்டு ஆரம்பித்துக் கொடுத்த, பாஸ்புக்கே தொலைந்துபோன ஒரு கணக்கில் அது கிடக்கும்.

அதைக் கண்டுபிடித்தால் அடுத்தது ஓடிபி. ஒரு மாணவி வந்திருந்தாள். கணக்கு அவள் பேரில், நம்பர் அண்ணன் பேரில். காசு வந்த குறுஞ்செய்தி அண்ணனுக்குப் போனது. யுபிஐ அண்ணன் போனில் இருந்தது. காசு எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'நம்பரை மாத்தணும் சார், அண்ணனுக்குத் தெரிய வேணாம்' என்று மெதுவாகத்தான் சொன்னாள். இன்னொரு பையன், ஆபருக்காக வருசத்துக்கு ரெண்டு சிம் மாற்றியவன். ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது விதி. அவனுடைய வங்கிச் செய்திகள் முகம் தெரியாத யாருக்கோ போய்க்கொண்டிருந்தன. நிலப்பட்டா இல்லாத நம் வீடுகளில் இப்போது பட்டா மாதிரி ஆகிப்போன ஒரு பொருள் இந்தப் பத்து இலக்க நம்பர். அதைத் தீப்பெட்டி மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இதைவிட மோசமான ஒன்று. 'உன் அக்கவுண்ட்டைக் கொடு, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாசம் அய்யாயிரம் தர்றேன்' என்று கல்லூரி வாசலில் ஆள் பிடிக்கிறார்கள். எவனோ எங்கேயோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது அந்த மாணவன் வீட்டில். கணக்கு முடக்கப்பட்டு, உதவித்தொகையும் அதற்குள் மாட்டி, அம்மாவோடு வந்து நிற்கிற பையன்களைப் பார்க்கிறேன். ஏமாற்றியவனை எந்தக் கவுன்டரிலும் பார்த்ததில்லை.

வயசைக் காட்டித் தடை போடுவது இப்போது உலகம் பூரா நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கம்பெனிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒப்புதல் தருகிற கை யாருடையதாக இருக்கும்? பதினேழு வயசில் சாதியைப் பற்றி, உடம்பைப் பற்றி, காதலைப் பற்றி ஒரு பெண் ரகசியமாகப் படிக்க நினைத்தால், அதற்கும் அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா? இந்தக் கேள்வியை நம் இயக்கங்கள் இன்னும் எழுப்பவில்லை. எழுப்பியாக வேண்டும்.

இணையத்தில் சாதியைச் சொல்லித் திட்டினால் என்ன செய்வது என்று முன்வரிசைத் தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பதிலுக்குத் திட்டிவிட்டு பிளாக் செய்துவிடுகிறீர்கள், சாட்சியம் போய்விடுகிறது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்தப் பக்கத்தின் முழு முகவரி, தேதி, நேரம் தெரிகிற மாதிரி. வீடியோ என்றால் இறக்கி வையுங்கள். அது இருக்கிற போனை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று இருந்தது, 2024 சூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் நேரில் இல்லை என்கிற சாக்கு இணையத்தில் ஏற்றிய வீடியோவுக்குச் செல்லாது என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே சமயம் 2024இல் இன்னொரு யூட்யூப் வழக்கில் உச்சநீதிமன்றம், சாதியின் பேரால் இழிவுபடுத்தியதாக இருந்தால்தான் இந்தச் சட்டம் பொருந்தும் என்றது. ஆகவே திட்டிய வார்த்தை அப்படியே கையில் இருக்க வேண்டும். புகாரில் 'ஆபாசமாகப் பேசினார்' என்று எழுத போலீஸ்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் பறிபோனால் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

சாப்பாட்டு இடைவேளையில் வெளியே மரத்தடியில் இருப்பேன். தன் கணக்கில் அடுத்தவர் நம்பர் இருக்கிறவர்கள் பாஸ்புக்கோடு வாங்க. எந்த வங்கியாக இருந்தாலும் விண்ணப்பம் எழுதித் தருகிறேன். 18 வயசு ஆனவர்கள் முதலில் தன் பேரில் சிம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகாதவர்களுக்கு சிம் கொடுக்க மாட்டார்கள், அம்மா பேரில் எடுங்கள். பெண் தோழர்கள் முதலில் வரட்டும். அண்ணன்மார் அந்த நேரத்தில் பந்தியில் பரிமாறப் போகலாம்.