குருமாணவரின் முதல் வினா

காவிரியின் வடகரையில், முசிறியிலிருந்து பேசுகிறேன். விடுமுறைக்கு வீடு வரும் குருமாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: “ஐயா, ஆய்வேட்டுக்கு எந்தத் தலைப்பை எடுத்துக்கொள்வது?” வீரமாமுனிவரின் தமிழ்த் தொண்டு என்பார் ஒருவர், திருச்சபையும் சமூக நீதியும் என்பார் மற்றொருவர். இவை விஷயங்களின் பெயர்களேயன்றி வினாக்கள் அல்ல. வினா பிறவாதவிடத்தில் ஆராய்ச்சியும் பிறப்பதில்லை.

தமிழாராய்ச்சி என்றவுடன் நம் நினைவுக்கு வரும் தனிநாயகம் அடிகளார், 1930களில் உரோமாபுரியில் இறையியல் பயின்று, முனைவர் பட்டத்துக்கென எடுத்துக்கொண்ட பொருள் திருச்சபைச் சரித்திரம் முழுவதுமன்று. கார்த்தேஜ் என்ற ஒரே நகரத்தில், புனித சிப்ரியான் ஆயராயிருந்த ஏறக்குறைய பத்தாண்டுக் காலத்தில், அங்கிருந்த குருக்களின் நிலை யாது என்பதே. அக்காலத்துக்கு முதன்மைச் சான்றாக நிற்பது சிப்ரியானின் கடிதத் தொகுதி. அதில் உள்ளவை ஏறக்குறைய எண்பது கடிதங்களே; ஒரு மாணவன் திரும்பத் திரும்பப் படித்து, எந்தச் சொல் எந்தக் கடிதத்தில் எந்தப் பொருளில் வருகிறது என்று ஏட்டைப் பாராமலே சொல்லத்தக்க அளவு அது. தேசியுஸ் சக்கரவர்த்தியின் கலாபனையில் விசுவாசம் தளர்ந்தோரையும், சிப்ரியானோடு பிணங்கி நின்ற குருக்களையும் அக்கடிதங்கள் மறைக்கவில்லை. ஆராய்ச்சி பக்திக்கு ஊறு செய்யுமோ என்று அஞ்சுகிறவர்கள் அவற்றை ஒருமுறை வாசிப்பது நலம். சிறிய மூலத்தோடு இவ்வாறு பழகிய கண்ணே, 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து வெளிக்கொணர்ந்து, 1966இல் கோலாலம்பூரில் பதிப்பிக்க அடிகளாருக்குத் துணைசெய்தது என்பது என் துணிபு.

உங்கள் எண்பது கடிதங்கள் எங்கே இருக்கின்றன? பழைய பங்கு ஆலயங்களின் பீரோக்களில் ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவேடுகள் உள்ளன. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, ஒரே பங்கில் எத்தனை பேர் அடக்கம் செய்யப்பட்டனர், ஞானஸ்நானம் பெற்றவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு ஞானப்பெற்றோராய் நின்றவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். இதுவே வினா. பங்குத்தந்தையின் அனுமதி பெற்று, அங்கேயே அமர்ந்து, ஈரக்கை படாமல் பாருங்கள். இலத்தீனில் எழுதியிருந்தால் மலைக்கவேண்டாம். ஒரே வாய்பாடு பக்கந்தோறும் வருவதால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

ஆனால் ஏடு சொல்வதை அப்படியே ஏற்பது ஆராய்ச்சியன்று. ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள்: பல தலைமுறையினர் எழுதிச் சேர்த்த கோயிலொழுகு என்னும் கோயில் வரலாற்றேடு ஒன்று சொல்கிறது, மதில்களிலும் சுவர்களிலுமுள்ள கல்வெட்டுகள் அதைச் சில இடங்களில் உறுதிப்படுத்துகின்றன, சில இடங்களில் திருத்துகின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் ஸ்ரீரங்கத்துக்கே உரியது. வேற்றுச் சமயத்தாரின் ஏடென்று ஒதுங்காமல், யார் எழுதினார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்று ஒரு மூலத்தை விசாரிக்கும் முறையை அங்கே பயின்று, அதே கண்ணோடு உங்கள் பதிவேட்டுக்குத் திரும்புங்கள்.

குறிப்பெடுக்கையில் நூற்பெயரையும் பக்க எண்ணையும் முதலில் எழுதுங்கள். என் முதற்கட்டுரைக்காக எடுத்த அருமையான குறிப்பொன்றுக்குப் பக்க எண் எழுதாமல் விட்டு, பின்னர் பத்து நாள் தேடியும் காணாது, அந்தப் பகுதியையே நீக்க நேர்ந்தது. அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம்.

இந்த விடுமுறையிலேயே உங்கள் பங்குத்தந்தையிடம் சென்று, எந்த ஆண்டு முதல் பதிவேடுகள் இருக்கின்றன என்று கேளுங்கள். குருமடம் திரும்பும்போது, உங்கள் வினாவை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள்.