நத்தாரும் போறணையும்



மார்கழி மாதத்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டு ஓசைகள் உண்டு. ஒன்று இரவுக்கு உரியது, மற்றொன்று விடியலுக்கு உரியது. இரவிலே கரோல் பாடுவோர் மேளமும் கையுமாகப் படலைகளைத் தட்டிக்கொண்டு வருவார்கள். பல ஆண்டுகளில் அதே நாட்களின் விடியற்புறத்திலே திருவெம்பாவை பாடுவோர் சங்கோடும் சேமக்கலத்தோடும் அதே ஒழுங்கையால் வருவார்கள். குருநகர், பாசையூர், இளவாலை, சில்லாலை போன்ற ஊர்களுக்கு அயலிலே வளர்ந்தவர்கள் இரண்டையும் கேட்டே வளர்ந்திருப்பார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நத்தாரைப் பற்றி. அதிலும் தேவாலயத்து நத்தாரைப் பற்றியன்று. அதைப் பேச வேறு பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் சைவ வீட்டிற் பிறந்தவன். எனக்குத் தெரிந்தது மதிலுக்கு இப்பால் நின்று மணம்பிடித்த நத்தார். அது குசினி நத்தார்.

‘நத்தார்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழகத்து நண்பர் ஒருவரிடம் “நத்தார் வாழ்த்துக்கள்” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் விழிப்பார். அங்கே அது கிறிஸ்துமஸ். ஈழத்திலேதான் அது நத்தார். பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து போர்த்துக்கேய மொழியில் நத்தால் என்று வந்தது, நம் நாவில் நத்தார் ஆயிற்று. சிங்களத்தில் நத்தல என்பதும் இதுவே. இந்தச் சொல் வேறோர் இடத்திலும் தமிழரைச் சந்தித்திருக்கிறது. 1497ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் தென்னாபிரிக்கக் கரையோரமாகச் சென்றன. அந்தக் கரைக்கு அவர் இட்ட பெயர் நத்தால். நேட்டால் என்று நாம் வரலாற்றுப் பாடத்திற் படிப்பது அதைத்தான். 1860இல் கரும்புத் தோட்டங்களுக்கென்று சென்னையிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் இறங்கியதும் அந்தக் கரையிலேதான். அவர்களுக்கு அது ஊரின் பெயர். நமக்குத் திருநாளின் பெயர்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘எங்கள் வீட்டுத் திருநாள்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி நத்தாரைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மம்மா குசினியில் இருந்து கஜு வெட்டியதையும், அப்பா கேக் தட்டைச் சைக்கிளிற் கட்டிப் பேக்கரிப் போறணைக்குக் கொண்டுபோனதையும், தட்டு மாறிவிடக்கூடாது என்று தான் போறணை வாசலிற் காவல் நின்றதையும் நான்கு பக்கத்தில் எழுதியிருந்தாள். படிக்கையில் எனக்கே அந்த மணம் வந்தது. கட்டுரையைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், “நல்லாயிருக்கு, ஆனால் குசினியைச் சமையலறை ஆக்கவேணும், போறணையை வெதுப்பகம் ஆக்கவேணும், நத்தாரைக் கிறிஸ்து பிறப்பு விழா ஆக்கவேணும்” என்றார். அவர் தமிழ்ப் பற்றாளர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் அந்தச் சொற்களிற் சிவப்பு மை படவிடவில்லை. ஏன் விடவில்லை என்பதைத்தான் இந்தச் சில நிமிடங்களிற் சொல்ல விரும்புகிறேன்.

நண்பரின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. நம் வீடுகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மேசை, அலுமாரி, யன்னல், வாங்கு, கோப்பை, லேஞ்சி, சப்பாத்து, பாண், விசுக்கோத்து, குசினி, போறணை எல்லாம் போர்த்துக்கேயம். (ஒரு வேடிக்கை: தமிழகத்தார் சாவி என்ற போர்த்துக்கேயச் சொல்லால் வீட்டைப் பூட்ட, நாம் திறப்பு என்ற நல்ல தமிழாற் பூட்டுகிறோம்.) இந்தச் சொற்கள் வந்த வழியும் இனிய வழியன்று. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அவர்கள் இடித்தார்கள். கோயிலை இடித்தவனுடைய சொல்லை நான் ஏன் என் பிள்ளையின் கட்டுரையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சைவர் கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. என் பாட்டனாரே கேட்டிருக்கிறார்.

ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. 1658இல் போர்த்துக்கேயர் போய்விட்டார்கள். பின்னர் வந்த ஒல்லாந்தர் ஏறத்தாழ 137 ஆண்டுகள் இங்கே ஆண்டார்கள். அவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர், கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். குருமார் துரத்தப்பட்டார்கள், தேவாலயங்கள் பறிக்கப்பட்டன. 1687இல் கோவையிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து யாழ்ப்பாணத்தில் அலைந்து, பின்னர் சில்லாலையில் தங்கினார். 2015 சனவரி 14இல் கொழும்பிற் புனிதராக அறிவிக்கப்பட்டவர் இவரே. நான் சொன்ன கோவை நம் கோயம்புத்தூர் அல்ல, போர்த்துக்கேயரின் கோவா. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வீடுகளிலே பூசைக்காகக் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். அடிகளார் தப்பிவிட்டார், பிடிபட்டவர்கள் தண்டனை பெற்றார்கள்.

அவர்கள் பிடிபட்டது வீடுகளிலே என்பதைக் கவனியுங்கள். கோயில் இல்லாதபோது நத்தார் வீட்டுக்குள் வந்தது. முற்றத்திலும் குசினியிலும் தங்கியது. சொல்லைக் கொண்டுவந்தவன் கப்பலேறிப் போய்விட்டான். அடுத்து வந்த ஆட்சிக்கு அந்தச் சொல்லே குற்றம். அப்படியிருந்தும் நான்கு தலைமுறைக்கு மேலாக அது அழியாமல் இருந்தது என்றால், காப்பாற்றியவர்கள் யார்? இந்த ஊர்த் தாய்மார்தான். ஆகவே நத்தார் இன்று போர்த்துக்கேயனுடைய சொல் அல்ல. அவன் விட்டுப்போனதை எடுத்து வளர்த்தவர்களின் சொல். பெற்றவளுக்குள்ள உரிமை வளர்த்தவளுக்கும் உண்டு அல்லவா?

இலக்கணத்தையும் கேட்கலாம். தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுத்து, திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் அவற்றுள் இடம் வைத்தார். நன்னூலார் திசைச்சொல்லின் எல்லையைத் தமிழ் வழங்காத நாடுகளுக்கும் விரித்தார். நம் பழைய புலவர்களும் கூசவில்லை. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இற் பாடிய நூலின் பெயர் ‘சந்தியோகுமையோர் அம்மானை’. சந்தியோகு என்பது சந்தியாகு, அதாவது யாகப்பர். அம்மானை என்ற பழந்தமிழ் வடிவத்துக்குள் அந்தப் பெயர் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது! சைவ வீட்டிற் பிறந்து கத்தோலிக்கக் குருவாகி நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர், சொற்பிறப்பு ஒப்பியல் அகராதிக்காகத் தமிழ்ச் சொற்களின் வேர்களை உலக மொழிகளோடு ஒப்பிட்டுத் தேடியவர். அவர் பிறந்த மண்ணில் ஒரு சொல்லைப் பிறப்புச் சான்றிதழ் பார்த்து வெளியே தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெதுப்பகம் நல்ல சொல். பெயர்ப்பலகையில் அழகாகவே இருக்கிறது. வடக்கில் இன்றும் பார்க்கிறோம். அது வாழட்டும். ஆனால் வெதுப்பகம் கடை. போறணை அதன் உள்ளே கனலும் வயிறு. இரண்டும் ஒன்றல்ல.

போறணையை இக்காலப் பிள்ளைகள் பலர் கண்டதில்லை. செங்கல்லாற் கட்டிய குகை அது. உள்ளேயே விறகை எரித்து, கல் நன்றாகச் சூடேறியதும் தணலை வாரி ஒதுக்கி, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, நீண்ட மரத்துடுப்பால் பாணை உள்ளே தள்ளுவார்கள். பாண் இறங்கிய பிறகு கல்லில் மிஞ்சி நிற்கும் தணிந்த சூடுதான் நத்தார்க் கேக்குக்கு உரியது. சீனியும் பழமும் நிறைந்த கேக் வேகமான நெருப்பிற் கருகிவிடும். மெல்ல மெல்ல வேகவேண்டும். ஆகவே அயலிலுள்ள வீடுகளின் தட்டுக்கள் எல்லாம் ஒன்றாக வரிசையில் வந்து சேரும். விளிம்பில் வீட்டுப் பெயர் எழுதிய கடுதாசித் துண்டு ஒட்டியிருக்கும். போறணைக்குத் தூரமான வீடுகளில் வேறு வழி. பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின்மேல் சிரட்டைக் கரித் தணலைக் கொட்டுவார்கள். கீழும் நெருப்பு, மேலும் நெருப்பு. தென்னோலை ஈர்க்கை நடுவிலே குத்தி இழுத்துப் பார்ப்பார்கள். மா ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

கேக்கின் சேர்மானங்களைச் சொன்னால் ஒரு சரித்திரப் பாடம் ஆகும். நம்மூரில் அது பெரும்பாலும் ரவைக் கேக். ரவையைப் பட்டரோடு சேர்த்து ஊறவிடுவார்கள். கஜு என்பது பிரேசிலில் தோன்றிய மரத்தின் கொட்டை. பெயரும் போர்த்துக்கேயர் வழியாகவே வந்தது. நீத்துப்பூசணியைச் சீனிப்பாகில் இட்டுச் செய்த தோசியும், இஞ்சித் தோசியும் சேரும். இந்தத் தோசி நாம் சுடும் தோசை அன்று. இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். கறுவாவும் ஏலமும் பன்னீரும் நம்முடையவை. பிளம்ஸைப் பல நாள் முன்பே பிரண்டியில் ஊறவைப்பார்கள். அது பெரியவர்களின் பொறுப்பு. கஜு வெட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு. வெட்டுகிறபோது வாய்க்குள் போவது கணக்கில் இல்லை. வெந்து ஆறியதும் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, எண்ணெய்க் கடுதாசியில் சுற்றி, மேலே நிறக் கடுதாசி சுற்றுவார்கள். இப்படிச் சுற்றிய கேக் பல வாரம் பழுதாகாது.

இந்தப் பழுதாகாத குணத்தை நான் வேறொரு காரணத்துக்காக மெச்சுகிறேன். நத்தார் வருகிற காலம் சைவ வீடுகளில் விரதகாலம். பிள்ளையார் கதை முடிய, அதை ஒட்டித் திருவெம்பாவை வந்துவிடும். கேக்கிலோ முட்டை. எங்கள் அயலில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. நத்தார்க் காலையில் அவர்கள் வீட்டிலிருந்து வரும் தட்டிற் கேக் இராது. பயற்றம் பணியாரம், முறுக்கு, சீனி அரியதரம், ஒரு சீப்புக் கதலிப்பழம் இருக்கும். “அக்கா, இது புது எண்ணெயில பொரிச்சது, முட்டை ஒண்டும் படேல்லை” என்று அந்த அன்ரி அம்மாவிடம் சொல்லுவார். பிறகு குரலைத் தாழ்த்தி, “திருவாதிரை முடியட்டும், பிள்ளையளுக்குக் கேக் எடுத்து வைச்சிருக்கிறன்” என்பார். வைத்திருப்பார். திருவாதிரை முடிந்த அடுத்த நாள் அது வந்துசேரும். அவர்கள் கொண்டுவந்த தட்டை அம்மா வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இருக்கும். இதைச் சமய நல்லிணக்கம் என்று மேடைகளிற் சொல்வார்கள். அவர்கள் இருவரும் அப்படி ஒரு சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

1990 நடுப்பகுதியோடு குடாநாட்டில் மின்சாரம் போயிற்று. பொருளாதாரத் தடையும் வந்தது. வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிய காலம் அது. சீனி, அமெரிக்கன் மா, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத விலை. பட்டர் என்பது ஞாபகம் மட்டும். 1993 நவம்பர் 13இல் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி மக்கள் மாண்டார்கள். அதற்கடுத்த மாதம் நத்தார். அந்த ஆண்டு பல வீடுகளிற் பலகாரமே செய்யவில்லை. எங்கள் அயல் வீட்டு அன்ரி மட்டும் அரிசிமாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து எதையோ சட்டியில் இட்டுத் தணல் போட்டார். கறுப்பாக, கொஞ்சம் கல்லாக இருந்தது. முட்டை கிடையாததால் அது நத்தார் அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தது. “இந்த முறை நீங்களும் எங்களோட சேர்ந்து சாப்பிடலாம் அக்கா” என்றார்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தது. அந்த ஆண்டு நத்தாரைத் தென்மராட்சியிற் பிறர் வீட்டுத் திண்ணைகளிலும் மர நிழல்களிலும் கழித்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. 2004இல் நத்தாருக்கு மறுநாட் காலையிற் கடல் வந்தது. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் உறவினருக்கென்று சுற்றிவைத்த பலகாரம் மேசையில் இருந்திருக்கும்.

இன்று விறகுப் போறணைகள் அருகிவிட்டன. மின்சார அவண் பல வீடுகளில் உண்டு; ஐசிங் போட்ட கேக்கைக் கடையில் வாங்குவோரும் உண்டு. 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றபோது சிரட்டைக் கரிச் சட்டியைத் தேடி எடுத்தவர்களும் இருந்தார்கள். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் அம்மம்மாவின் கைப்பக்குவம் எழுத்தில் இல்லை. சொல்லில் மட்டும் இருக்கிறது. என் மாணவியின் கட்டுரையில் அதற்கும் ஓர் இடம் இருந்தது. கனடாவிலுள்ள பெரியம்மாவின் மகள் கைத்தொலைபேசியில் அழைத்து, ரவை எத்தனை கிராம் என்று கேட்கிறாள். அம்மம்மா, “ஒரு சுண்டு, தலை தட்டி” என்கிறார். சுண்டு என்றால் என்ன என்று அங்கிருந்து கேள்வி வருகிறது. அம்மம்மா எழும்பிக் குசினிக்குப் போய், நெளிந்துபோன அந்தப் பழைய பால்பேணியை எடுத்துவந்து தொலைபேசிக்கு முன்னாலே தூக்கிப் பிடிக்கிறார். “இதுதான் பிள்ளை சுண்டு. வடிவாப் பார்.”

அந்தக் கட்டுரைக்கு இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி போட்டேன். குறைத்த இரண்டும் ஒற்றுப்பிழைகளுக்கு.