முப்பத்தைந்து வயதில் முதலாண்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் 2007-2011 இ.சி.இ. செட். காலையில் பதிவு மேஜையில் 'தற்போதைய பணி' என்ற கட்டத்தில் 'மாணவன்' என்று எழுதினேன். அங்கே இருந்த தம்பி, "சார், இது பழைய மாணவர்களுக்கான ஃபாரம்" என்று திருத்தப் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை. 2025 கடைசியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டதால் இங்கே நிற்கிறேன்.

படிப்பு முடிந்ததும் டயாலிசிஸ் மெஷின் சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்குப் போனேன். பதிமூன்று வருஷம் அதே வேலை. கண்டக்டிவிட்டி 14-ஐ ஒட்டி நிற்கிறதா, பிரஷர் சென்சார் சரியா, ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமா, இதுதான் என் உலகம். நோயாளிகள் நாலு மணி நேரம் படுத்திருப்பார்கள். நான் பையோடு வந்தால் பாதிப் பேர் என்னை டாக்டர் என்றே நினைப்பார்கள். ஒரு பெரியவர் ஒவ்வொரு தடவையும் தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டி, "தம்பி, கிரியாட்டினின் இறங்கியிருக்கா, பாருங்க" என்பார். "ஐயா, நான் மெஷினைப் பார்க்கிறவன்" என்பேன். ஒருநாள் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள். அதற்குப் பிறகு அந்த பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிளஸ் டூவில் நான் பயாலஜி - மேத்ஸ் குரூப். மெடிக்கல் கட்-ஆஃப் கைக்கு எட்டாததால்தான் இன்ஜினியரிங் வந்தேன். வயதாகிவிட்டது, கதவு மூடிவிட்டது என்றே நினைத்திருந்தேன். நீட் தேர்வுக்கு ஒரு காலத்தில் பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று உச்ச வயது வைத்தார்கள்; அது கோர்ட்டுக்கும் போனது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. பயாலஜி படிக்காதவர்களுக்கும் ஒரு செய்தி: பிளஸ் டூ முடித்த பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ரெண்டு தடவை எழுதுங்க. மூணாவது தடவைன்னு கேட்கக் கூடாது" என்றார். சரி என்றேன்.

2024-இல் வேலையில் இருந்துகொண்டே எழுதினேன். நம்மதான் இன்ஜினியராச்சே, பிசிக்ஸ் தானாக வரும் என்ற திமிர். பயாலஜியை மேலோட்டமாகப் புரட்டினேன். நீட்டில் மொத்தம் 720 மார்க். அதில் பயாலஜி மட்டும் 360. பாதிப் பரீட்சையைக் கோட்டைவிட்டவனுக்கு என்ன கிடைக்கும்? தப்பான விடைக்கு மைனஸ் மார்க் வேறு. ஆபீசில் யாரிடமும் சொல்லாதது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல்.

பிறகு வேலையை விட்டேன். கட்டலாம் என்று வாங்கிப்போட்டிருந்த மனையை விற்றோம். என்.சி.இ.ஆர்.டி. பயாலஜி புத்தகங்களை வரி விடாமல், படத்துக்குக் கீழே இருக்கிற குறிப்பு உட்பட, ஏழு தடவை படித்தேன். அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகள் ஸ்பெல்லிங் எழுதுகிற அதே மேஜையில்தான் எனக்கும் படிப்பு.

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. தேர்வு மைய வாசலில் காவலர், "பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க" என்று ஒதுக்கினார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். என்னை ஒரு தடவை, டிக்கெட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆல் த பெஸ்ட் சார்" என்றார். அந்த வருஷம் 180 நிமிஷத்தில் 180 கேள்வி. பிசிக்ஸ் எல்லோரையும் அழவைத்தது, என்னையும் சேர்த்து. பயாலஜிதான் கரையேற்றியது. முந்தைய வருஷத்தைவிட மார்க் கொஞ்சம்தான் கூடியது. ராங்க் நன்றாக முன்னேறியது. கேள்வித்தாள் கடினமானால் எல்லோருக்கும்தானே குறையும்! ஆனாலும் முதல் சுற்றுக் கலந்தாய்வில் சீட் இல்லை. இரண்டாம் சுற்று முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வந்த அன்றைக்கு மனைவிதான் முதலில் அழுதார். சந்தோஷமா, பயமா என்று நான் கேட்கவில்லை.

இப்போது என் வகுப்பில் எல்லோருக்கும் நான் 'அண்ணா'. பாடம் நடத்தும் உதவிப் பேராசிரியர் ஒருவர் என்னைவிட வயதில் சிறியவர். அவருக்கு எழுந்து நிற்க எனக்குக் கூச்சமில்லை. என்னை உட்காரச் சொல்லத்தான் அவருக்குக் கூச்சம். உடற்கூறியல் மேஜையருகே முதல்நாள் கை நடுங்கியது எனக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிதான். மனப்பாடத்தில் அவர்கள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. இன்டர்னல் டெஸ்ட் ஒன்றில் தோற்றும் இருக்கிறேன்.

இதைக் கேட்டு யாராவது நாளைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். வெளியே வரும்போது எனக்கு 41. எம்.டி. கிடைத்தால் இன்னும் மூன்று வருஷம். அதுவரை ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓட வேண்டும். வீட்டில் மனமார ஒப்புக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது. மருத்துவமனையும் வேண்டும், இன்ஜினியரிங்கும் வேண்டும் என்பவர்களுக்கு வேறு நல்ல வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். போன்ற படிப்புகளை விசாரித்துப் பாருங்கள்.

கடைசி பெஞ்சில், நமக்கு இது வேண்டாம் என்று நினைத்தபடி உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. முதலில் டிகிரியை முடியுங்கள். இந்தக் கல்லூரி தந்த வேலைதான் பதிமூன்று வருஷம் எனக்குச் சோறு போட்டது. நோயாளியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியதும் அதுதான். பிறகு மனசு மாறாமலே இருந்தால், என் அளவுக்குத் தாமதிக்காதீர்கள்.

அடுத்த சந்திப்புக்குள் முதலாண்டு பல்கலைக்கழகத் தேர்வு வந்துவிடும். ரிசல்ட் எப்படி இருந்தாலும் வந்து சொல்கிறேன். பயாலஜி குறிப்பு யாருக்கு வேண்டுமானாலும் மதியச் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடியுங்கள்.