நிறுத்துற பட்டன் யார் கையில? பசங்களுக்கு ஆஃப்லைன் கேம் தேர்ந்தெடுக்கிறது எப்படி

ஐடில வேலை பார்க்கிறோம்னு தெரிஞ்சா போதும், சொந்தக்காரங்ககிட்ட இருந்து ரெண்டு கேள்வி கண்டிப்பா வரும். ஒண்ணு, "எந்த லேப்டாப் வாங்கலாம்?" இன்னொண்ணு, "பையன் எப்பப் பாரு போன்ல கேம் ஆடிட்டே இருக்கான், ஏதாவது நல்ல கேமா இருந்தா சொல்லேன்." முதல் கேள்விக்குத் தனியா ஒரு எபிசோட் பண்ணியாச்சு. இன்னைக்கு ரெண்டாவது கேள்வி.

நான் பேசப்போறது 10 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பசங்களைப் பத்தி. கம்ப்யூட்டர்ல, நெட் இல்லாம விளையாடுற கேம்கள். இந்த எபிசோடைக் கேட்கிற பெரும்பாலானவங்களுக்குக் குழந்தைங்க இருக்காது. ஆனா தம்பி இருப்பான், சித்தி பொண்ணு இருப்பா, அக்கா பையன் இருப்பான். அவங்க வீட்ல கம்ப்யூட்டர் விஷயத்துல முடிவெடுக்கிற ஆள் நாமதான். அதனால கொஞ்சம் பொறுப்போட பதில் சொல்லணும்.

முதல்ல, ஏன் நெட் இல்லாம?

எங்க அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். அவங்க வீட்ல ராத்திரி ஒன்பது மணி ஆனா சண்டை. "சாப்பிட வாடா." "அஞ்சு நிமிஷம்மா." அந்த அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷம் ஆகும். அக்கா போனைப் பிடுங்குவா, அவன் கத்துவான். அக்கா என்கிட்ட, "இவனுக்கு என் பேச்சுன்னா மதிப்பே இல்லடா"ன்னு வருத்தப்படுவா. ஒரு நாள் அவன் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். அவன் ஆடிட்டு இருந்தது நாலு பேர் சேர்ந்து ஆடுற டீம் மேட்ச். அதுல நடுவுல நிறுத்தி வைக்க பட்டனே கிடையாது. பாதியில வெளியே வந்தா மத்த மூணு பேரும் தோத்துப்போவாங்க. மறுநாள் ஸ்கூல்ல அவன்தான் பேச்சு வாங்கணும்.

அக்கா கேட்கிறது நியாயம். அவன் சொல்ற "அஞ்சு நிமிஷ"மும் பொய் இல்ல. அந்த ஆட்டத்தை நிறுத்துற அதிகாரம் அந்த வீட்ல யார்கிட்டயும் இல்ல, எங்கேயோ இருக்கிற ஒரு சர்வர்கிட்ட இருக்கு. அதனால பசங்களுக்கு கேம் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: இதுல நிறுத்துற பட்டன் யார் கையில இருக்கு?

இதுக்குப் பின்னாடி ஒரு வியாபாரக் கணக்கு இருக்கு. எங்க வேலையில ரிட்டென்ஷன்னு ஒரு அளவுகோல் உண்டு. இன்னைக்கு ஆப்பைத் திறந்தவர் நாளைக்கும் திறக்கிறாரா, ஏழாவது நாள் திறக்கிறாரா, முப்பதாவது நாள் திறக்கிறாரா? இலவசமா கிடைக்கிற ஆன்லைன் கேம் பிழைக்கிறதே இந்த எண்ணை நம்பித்தான். தினமும் உள்ளே வந்தா பரிசு, ஒரு நாள் விட்டா வரிசை அறுந்துபோகும், சீசன் முடிய இன்னும் மூணு நாள்தான். இதெல்லாம் அந்த எண்ணுக்காகக் கட்டப்பட்டவை. ஆள் திரும்பி வந்தாத்தான் ஏதாவது விற்க முடியும்.

இது எவ்வளவு தூரம் போகும்னு தெரிய ஒரே ஒரு உதாரணம். 2022 டிசம்பர்ல, ஃபோர்ட்நைட் கேமை நடத்துற எபிக் கேம்ஸ் நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டதா அமெரிக்காவோட வர்த்தக ஆணையமான எஃப்டிசி அறிவிச்சது. அதுல 24.5 கோடி டாலர், குழப்பமான பட்டன் அமைப்பால ஆடுறவங்களை வேண்டாததை வாங்க வெச்சாங்கங்கிற புகாருக்காகத் திருப்பித் தர வேண்டிய பணம். மீதி, குழந்தைகளோட தனியுரிமைச் சட்டத்தை மீறினதா வந்த புகாருக்கான அபராதம்.

ஒரே தடவை காசு கொடுத்து வாங்குற ஆஃப்லைன் கேம்ல கணக்கு வேற. காசு வாசல்லயே வாங்கியாச்சு. நாளைக்கு நீங்க வரலைன்னாலும் அவங்களுக்கு நஷ்டம் கிடையாது. அதனால கதைக்கு ஒரு முடிவு வைக்க முடியும், நடுவுல நிறுத்த விட முடியும்.

சரி, ஒரு கேம் நிஜமாவே ஆஃப்லைனான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? "சிங்கிள் பிளேயர்"னு போட்டிருந்தா மட்டும் போதாது. 2013ல வந்த சிம்சிட்டியைத் தனியா ஆடணும்னாலும் நெட் வேணும். வெளியான வாரத்துல சர்வர் தாங்காம, காசு கொடுத்து வாங்கினவங்களே ஆட முடியாமத் தவிச்சாங்க. அடுத்த வருஷம்தான் ஆஃப்லைன் வசதி வந்துச்சு. யுபிசாஃப்டோட தி க்ரூ இன்னும் மோசம். 2024 மார்ச் 31ல சர்வரை அணைச்சாங்க, தனியா கார் ஓட்டுற பகுதியும் அதோட போச்சு.

அதனால மூணு விஷயம் பாருங்க. ஸ்டீம்ல வாங்குறீங்கன்னா, அந்த கேமோட பக்கத்துல வலது ஓரத்துல ஒரு பட்டியல் இருக்கும். அதுல "இன்-ஆப் பர்ச்சேஸ்" இருக்கா, வேற கம்பெனி அக்கவுண்ட் கேட்குதான்னு பாருங்க. ரெண்டாவது, வாங்கி இன்ஸ்டால் பண்ணி ஒரு தடவை திறந்ததும், ஸ்டீமை ஆஃப்லைன் மோடுக்கு மாத்தி, வைஃபையை அணைச்சுட்டு மறுபடியும் திறந்து பாருங்க. ஓடலைன்னா பணத்தைத் திரும்பக் கேளுங்க. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா ஸ்டீம் திருப்பித் தரும். மூணாவது, ஜிஓஜின்னு ஒரு கடை இருக்கு. அங்க இன்ஸ்டாலர் ஃபைலையே டவுன்லோட் பண்ணி பென் டிரைவ்ல போட்டு வெச்சுக்கலாம். அதுக்கப்புறம் யார் அனுமதியும் வேண்டாம்.

வயசு ரேட்டிங்கும் பாருங்க. அமெரிக்காவுல இஎஸ்ஆர்பி, ஐரோப்பாவுல பெகி. ஆனா நம்பரை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, கீழே இருக்கிற சின்ன வரியையும் படிங்க. உதாரணத்துக்கு ஸ்டார்டியூ வேலி. இஎஸ்ஆர்பி கணக்குல 10 வயசுக்கு மேல யாரும் ஆடலாம். ஆனா சின்ன வரியில மது, புகையிலை, சூதாட்டம் மாதிரியான காட்சின்னு இருக்கும். ஊர்ல ஒரு மதுக்கடை, தூரத்துல ஒரு சூதாட்டக் கூடம், அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விஷயமாப் படலை. ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது அந்த வீட்டுப் பெரியவங்க, அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

இப்ப கேம்கள். பத்துப் பன்னிரண்டு வயசுக்கு அதே ஸ்டார்டியூ வேலியைத்தான் முதல்ல சொல்வேன். எரிக் பாரோன்னு ஒரே ஆள் கோடிங், படம், இசை எல்லாத்தையும் செஞ்சு 2016ல வெளியிட்டது. தாத்தா விட்டுட்டுப் போன தோட்டத்துல உழுது, விதைச்சு, தண்ணி ஊத்தி, ஊர்க்காரங்களோட பழகணும். எந்தப் பருவத்துல எந்தப் பயிர், கையில இருக்கிற காசுக்கு எவ்வளவு விதைன்னு கணக்கு தானா வரும். பழைய லேப்டாப்லயும் ஓடும்.

பதின்மூணு பதினஞ்சு வயசுக்கு மூணு சொல்றேன். 2011ல வந்த போர்ட்டல் 2. சுவத்துல ரெண்டு ஓட்டை போட்டு, ஒண்ணுல நுழைஞ்சு இன்னொண்ணுல வெளியே வர்ற புதிர். சிரிப்பும் உண்டு, தெளிவான முடிவும் உண்டு. அடுத்தது கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோவுல உருவானது. ராக்கெட் கட்டி அனுப்பணும். நேரா மேல போனா கீழே விழுந்துடும், பக்கவாட்டு வேகம் வந்தாத்தான் சுற்றுப்பாதைன்னு நாலு ராக்கெட்டை வெடிக்க வெச்ச பிறகு புரியும். 2023ல சந்திரயான் 3 ஏன் பூமியைப் பலமுறை சுத்தி, சுற்றுப்பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாப் பெரிசாக்கிட்டுப் போச்சுன்னு இதை ஆடின பையன் உங்களுக்கே விளக்குவான். முதல் பாகத்தையே வாங்குங்க, ரெண்டாவது பாகம் முழுமை அடையவே இல்ல. மூணாவது, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. போர் கேம்தான், ஆனா ரத்தக்களறி கிடையாது. 2022ல வந்த இந்தியத் தொகுப்பைத் தனியா வாங்கினா, ராஜேந்திர சோழனோட படையெடுப்பை ஆடலாம்.

இன்னும் பெரிய பசங்களுக்கு பேப்பர்ஸ் ப்ளீஸ். 2013ல லூகாஸ் போப் உருவாக்கினது. கற்பனை நாட்டு எல்லையில பாஸ்போர்ட் சரிபார்க்கிற அதிகாரி நீங்க. விதியை மீறி ஒரு அம்மாவை உள்ள விட்டா உங்க சம்பளம் குறையும், உங்க குடும்பம் பட்டினி கிடக்கும். ஆடி முடிச்சதும் பசங்க பேசுவாங்க. நிர்வாணக் காட்சியை மறைக்க செட்டிங்ஸ்ல வழி இருக்கு, முதல்லயே பாருங்க.

எந்த வயசுக்கும் ஒண்ணு: வெண்பா. டொராண்டோவுல உருவாகி 2023ல வந்துச்சு. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவோட கிழிஞ்ச சமையல் குறிப்புப் புத்தகம். அழிஞ்சுபோன வரிகளை யூகிச்சு இட்லியும் புட்டும் பண்ணணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். அம்மாவைப் பக்கத்துல உட்கார வெச்சு ஆடச் சொல்லுங்க.

காசு இல்ல, லேப்டாப்பும் அரசு ஸ்கூல்ல கொடுத்த பழசுன்னா? பரவாயில்ல. ஓபன்டிடிடி இருக்கு. பேருந்தும் ரயிலும் விட்டு ஊர்களை இணைக்கிற கேம். 1995ல வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸை அடிப்படையா வெச்சு தன்னார்வலர்கள் எழுதினது, முழுக்க இலவசம். போர்த்தந்திரம் பிடிச்சா பேட்டில் ஃபார் வெஸ்நாத், ரேஸ் பிடிச்சா சூப்பர்டக்ஸ்கார்ட். இவை எல்லாம் அவங்கவங்க சொந்தத் தளத்துலயே சட்டப்படி கிடைக்கும். கிராக் பண்ணின காப்பி மட்டும் வேண்டாம். "முதல்ல ஆன்டிவைரஸை அணைங்க"ன்னு ஆரம்பிக்கிற ஒரு ஃபைலை, அப்பா நெட் பேங்கிங் பண்ற அதே லேப்டாப்ல பையன் ஓட விடுறான்னு யோசிச்சுப் பாருங்க.

ஆஃப்லைன்னா எல்லாம் சுபம்னு நான் சொல்ல மாட்டேன். சிவிலைசேஷன் கேம் ஆடினவங்களுக்குத் தெரியும், "இன்னும் ஒரே ஒரு டர்ன்"னு விடியற வரைக்கும் இழுக்கும். ஃபேக்டோரியோவும் அப்படித்தான். பரீட்சை மாசத்துல ரெண்டையும் வாங்கிக் கொடுக்காதீங்க.

இதுக்கு ஒரு வழி: நேரத்தைக் கடிகாரத்துல அளக்காம, கேமோட அலகுல அளங்க. ஸ்டார்டியூ வேலியில ஒரு நாள்ங்கிறது நம்ம கணக்குல சுமார் 14 நிமிஷம். தூங்கப் போனாத்தான் சேவ் ஆகும், நடுவுல மூடினா அன்னைக்குப் பார்த்த வேலை போச்சு. அக்காகிட்ட இதைச் சொன்னேன். இப்ப அவங்க வீட்ல ஒப்பந்தம், "ராத்திரி மூணு நாள்." கடைசி நாள் ஓடும்போது அக்கா தோசைக்கல்லை அடுப்புல வைக்கிறா. சண்டை முழுசா ஒழியலை, சனிக்கிழமை அவன் ஃப்ரெண்ட்ஸோட அதே பழைய போன் கேமைத்தான் ஆடுறான். ஆனா வார நாள்ல "அஞ்சு நிமிஷம்"னா எவ்வளவு நேரம்னு இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையும் முக்கியம். பதினாலு வயசுப் பையனுக்கு ஆன்லைன் கேம்ங்கிறது ஃப்ரெண்ட்ஸ் கூடுற தெருமுனை மாதிரி. அதை மொத்தமா மூடிட்டு ஒரு தனியாள் கேமைக் கையில கொடுத்தா, நாம நல்லது பண்றதா நினைப்போம், அவன் ஒதுக்கப்பட்டதா நினைப்பான். அதனால ஒரே திரையில சேர்ந்து ஆடுற கேம் ஒண்ணாவது வெச்சிருங்க. ஸ்டார்டியூ வேலியிலயே திரையைப் பிரிச்சு சேர்ந்து ஆடலாம். சூப்பர்டக்ஸ்கார்ட்லயும் முடியும். போர்ட்டல் 2ல ரெண்டு பேருக்குன்னே தனிப் புதிர்கள் இருக்கு. லேப்டாப்பை டிவியில மாட்டி, கேம்பேட் ரெண்டு வாங்கிக் கொடுத்தா ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு வருவாங்க. அம்மாவுக்கும் யார் யார்னு முகம் தெரியும்.

கடைசியா, தேர்வை நாமே பண்ணி பரிசா நீட்டாதீங்க. மூணு கேம் எடுத்து வைங்க, டிரெய்லரைச் சேர்ந்து பாருங்க, ஒண்ணை அவங்களே எடுக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் பக்கத்துல உட்காருங்க. நாம கேம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்ல, அவங்க நமக்குச் சொல்லித் தருவாங்க. எப்ப சேவ் ஆகும், எப்ப நிறுத்தலாம்ங்கிறதை அப்பவே கேட்டு வெச்சுக்கிட்டா, ராத்திரி சாப்பிடக் கூப்பிடுறவங்களுக்கு அது உதவும்.

அடுத்த எபிசோட்ல பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாத்துறது எப்படின்னு பார்ப்போம். அதுவரைக்கும் டாட்டா மக்களே.