டிரங்குப் பெட்டியோடு வந்தவர்கள்

தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஆத்தூர் வண்டிக்கோ துறையூர் வண்டிக்கோ காத்திருந்த பழைய ஆட்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். பஸ் கூரையிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இறங்கும். அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர், ஒரு பெயர். மிலிட்டரிக்காரர் கைப்பையோடு வந்தால் லீவு. பெட்டியோடு வந்தால், ஒரேயடியாக வந்துவிட்டார்.

என் சித்தப்பா அப்படி வந்து இறங்கியபோது அவருக்கு 37 வயது. பெங்களூர் மெட்ராஸ் சேப்பர்ஸில் 17 வருஷம் இருந்தார். 1780-இல் தொடங்கிய படை அது. அதிலிருப்பவர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றின் குறுக்கே இரும்புப் பாலம் பூட்டுவது, பாறையை வெடி வைத்துப் பிளந்து ரோடு போடுவது, எதிரி புதைத்த கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. இவ்வளவும் தெரிந்த மனுஷருக்கு ஊரில் கிடைத்தது ஒரு கம்பெனியின் கேட்டைத் திறந்து மூடுகிற உத்தியோகம். முதலாளி கார் வந்தால் ஒரு சல்யூட்.

பென்ஷன் வருகிறது, கேண்டீன் அட்டை இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்று ஊரில் கேட்பார்கள். குறை வீட்டுக்கு இல்லை. ஊருக்குத்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இப்படித் திரும்பி வந்தவர்களை வைத்தே சீரழிந்த மண்ணை எடுத்து நிறுத்திய இடங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சேலத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலையின் காலடியில் வெள்ளைக்கல் தோண்டிய இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மலையைச் சுரண்டி எடுத்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். அதே மாதிரி, அதைவிட மோசமாக, இமயமலை அடிவாரத்தில் முசோரி கிடந்தது. அங்கே தோண்டியது சுண்ணாம்புக்கல். ராத்திரி பகலாக வெடி வைத்தார்கள். உடைத்த கல்லும் மண்ணும் சரிவில் உருண்டு ஓடைகளை மூடின. ஊற்றுகள் வற்றின. கீழே டேராடூன் பள்ளத்தாக்கு, பாஸ்மதி அரிசிக்குப் பேர்போன பூமி. அந்த வயல்கள் வரைக்கும் சேதம்.

மலையை மறுபடி பச்சையாக்க யாரை அனுப்புவது? ஆள் தங்க வசதியில்லாத சரிவு. மழையென்றால் மண் சரியும், குளிரென்றால் உறையும். யோசனையைச் சொன்னவர், பசுமைப் புரட்சியின் கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் என்பார்கள். இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது, 1982 டிசம்பர் 1 அன்று, பிரதேச ராணுவத்தில் ஒரு புது பட்டாலியன் எழுந்தது. எண் 127, கார்வால் ரைஃபிள்ஸைச் சேர்ந்தது. சேர்ந்த சிப்பாய்கள் எல்லாரும் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்ட கார்வாலி மிலிட்டரிக்காரர்கள். சொந்த மலைக்கே அவர்களை மறுபடி டூட்டிக்குக் கூப்பிட்டார்கள். ஆயுதத்துக்குப் பதில் கடப்பாரை, மண்வெட்டி, நாற்றுப் பை. சம்பளம் பட்டாளத்துச் சம்பளம், செலவு சுற்றுச்சூழல் இலாகா கணக்கில்.

பாறையில் குழி வெட்டினார்கள். குழிக்கு மண்ணை வேறு இடத்திலிருந்து சுமந்து வந்து போட்டார்கள். ஓடைகளில் கம்பி வலைக்குள் கல்லை அடுக்கித் தடுப்பணை கட்டினார்கள். முதலில் புல், புதர். வேர் பிடித்து மண் நின்ற பிறகுதான் மரம். இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஆட்டையும் மாட்டையும் உள்ளே விடாமல் காப்பது. நம் ஊரில் வனமகோத்சவத்தன்று நட்டு, போட்டோ எடுத்து, அடுத்த வாரம் ஆடு மேய்ந்து முடித்துவிடும் கன்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டாலியன் நட்டுவிட்டுப் போய்விடவில்லை. அங்கேயே கூடாரம் அடித்து வருஷக்கணக்கில் காவல் இருந்து, கன்று மரமான பிறகே காட்டு இலாகாவிடம் ஒப்படைத்தது.

இன்னொரு பக்கம், இந்தக் குவாரிகளை எதிர்த்து டேராடூன் அமைப்பு ஒன்று எழுதிய கடிதத்தையே சுப்ரீம் கோர்ட் 1983-இல் வழக்காக எடுத்துக்கொண்டது. 1985 உத்தரவில் பல குவாரிகள் மூடப்பட்டன. அப்படி வேலை போன கூலிக்காரர்களை முடிந்தவரை மரம் நடும் வேலைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் நீதிபதிகள். அந்த உத்தரவில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

பிறகு இந்த வழி பரவியது. ராஜஸ்தானில் கால்வாய்க் கரையின் மணல் மேடுகள், ஜம்மு, குமாவோன், இமாசலம். அசாம் கதை மட்டும் தனி. போடோ கிளர்ச்சி நடந்த வருஷங்களில் சோனித்பூர் காடுகள் மொட்டையாயின. காட்டு இலாகா ஆட்களே உள்ளே போகத் தயங்கிய இடங்கள் உண்டு. 2003-இல் ஒப்பந்தம் வந்தது. 2007-இல் அசாமுக்கென்று இரண்டு சூழல் பட்டாலியன்கள் எழுந்தன, ஒன்று சோனித்பூருக்கு, ஒன்று கொக்ராஜாருக்கு. சீருடையைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொண்டு பழகிய ஊர்கள் அவை. அங்கே அந்தச் சீருடையில், அந்த மாநிலத்தின் பேச்சைப் பேசிக்கொண்டு ஒருவர் நாற்றுக் கூடையோடு வந்தால், முதலில் சந்தேகப்பட்டுத்தான் பார்த்திருப்பார்கள். இருந்தாலும் அந்நியர் வருவதற்கும் அடுத்த ஊர்க்காரர் வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

யாரும் கூப்பிடாமல் தானாகத் திரும்பியவர் ஒருவரும் உண்டு. அண்ணா ஹசாரே. டெல்லியில் உண்ணாவிரதம் இருந்தவராக அவரை உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் அவர் ராணுவ லாரி டிரைவர். 1965 போரில் கேம்கரண் முனையில் கூட இருந்தவர்கள் செத்துப்போக, இவர் பிழைத்தார். 1975-இல் மகாராஷ்டிரத்தின் ராலேகான் சித்திக்கு வந்தபோது ஊரில் தண்ணீர் இல்லை, சாராயம் இருந்தது. கோயில் மரத்தையே பிடுங்கிச் சாராய அடுப்பில் வைத்திருந்தார்கள். பட்டாளத்தில் சேர்த்த பணத்தை எடுத்துக் கோயிலைக் கட்டினார். அப்புறம்தான் ஜனம் பக்கத்தில் வந்தது. மலைச்சரிவில் வரப்புக் குழி, ஓடையில் அணை, கசிவுநீர்க் குட்டை. கிணறுகளில் தண்ணீர் ஏறியது.

ஆனால் அதே ஊரில் குடித்துவிட்டு வந்தவர்களைக் கம்பத்தில் கட்டி அடித்ததும் நடந்தது. ஹசாரே அதை மறைக்கவும் இல்லை. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அணை கட்டப் பட்டாளத்து ஒழுங்கு வேண்டும், சரி. பெல்ட்டால் அடிப்பதற்குப் பஞ்சாயத்து என்ன பேரக்ஸா?

நம் மாநிலத்துக்கென்று அப்படியொரு சூழல் பட்டாலியன் கிடையாது. தம்மம்பட்டிக்கு ஒரு பக்கம் கொல்லிமலை, ஒரு பக்கம் பச்சைமலை, நடுவில் சுவேத நதி. ஊருக்குள் நுழைந்தால் மரச்சிற்பக்காரர்களின் உளிச் சத்தம், அவர்கள் கைக்கு வாகை மரம் வேண்டும். மிலிட்டரியிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

போன தை மாசம் சித்தப்பாவிடம் இதைக் கேட்டேன். அவருடைய டிரங்குப் பெட்டியில் இப்போது விதைக் கடலை இருக்கிறது.

“ஏன் சித்தப்பா, கரட்டுல நாமளும் வாகை நட்டா என்ன?”

பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: “நடறது ஒரு நாள் வேலை சாமி. உங்க பெரியப்பன் ஆட்டை மூணு வருசத்துக்கு எவன் தடுக்கறது? அதை முதல்ல கேட்டுட்டு வா.”

பெரியப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. இருபது ஆடு வைத்திருக்கிறார்.